ஃப்ளோட்டிங் பாயிண்ட்: சென்னையில் பதிவான கிட்டார் இசைத்தொகுப்பில் ராகத்தை எங்கே தேடுவது?

பாளைக் கிட்டார் (பாளையங்கோட்டை):

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தைச் சேர்ந்த கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லின் 2008-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஃப்ளோட்டிங் பாயிண்ட்’ என்ற இசைத்தொகுப்பைச் சில வாரங்களாகக் கேட்டுவருகிறேன். 2007-இல் சென்னையில் பதிவு செய்யப்பட்டது என்பதும், ரஞ்சித் பாரோட் டிரம்ஸ், சிவமணி தாளவாத்தியங்கள், லூயி பேங்க்ஸ் கீபோர்டு, ஹாட்ரியன் ஃபெரோ பேஸ் கிட்டார் என்று பெரும் கூட்டணியோடு புல்லாங்குழல் சசாங்க், மாண்டலின் யு. ராஜேஷ் போன்றவர்களும் வாசித்திருக்கிறார்கள் என்பதும்தான் என்னை அதன் பக்கம் இழுத்தன. நம் ஊர்க் கலைஞர்கள் இத்தனை பேர் இருக்கும்போது நமக்குப் பழகிய சங்கீதத்தின் வாசனை முதல் நிமிடத்திலேயே வந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். அப்படி வரவில்லை. வாசிப்பின் திறமை மலைக்க வைக்கிறது; ஆனால் அதில் எதைப் பிடித்துக்கொண்டு பின்தொடர்வது என்பதுதான் விளங்கவில்லை.

என் பின்னணியைச் சொன்னால் பதில் சொல்பவர்களுக்கு வசதியாக இருக்கும். நான் இங்கே ஓர் ஆலயத்தின் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். எங்கள் கீர்த்தனைப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும். திருநெல்வேலியில் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் காலத்திலிருந்து வரும் வழக்கம் அது. ஆகவே ராகங்களின் பெயர்கள் தெரியும், ஆதி தாளமும் ரூபக தாளமும் போடத் தெரியும். ஆனால் நான் வாசிப்பது கார்டுகளைத்தான், அதாவது பல சுரங்களை ஒன்றாக ஒலிக்கும் அடுக்குகளைத்தான்.

இந்தத் தொகுப்பில் மூன்று இடங்களில் தடுக்கி நிற்கிறேன். பல உருப்படிகளில் ஒலிப்பது கிட்டாரா, கீபோர்டா, குழலா என்றே தெரியவில்லை. கிட்டார் கலைஞரின் தொகுப்பில் கிட்டாரைத் தேட வேண்டியிருக்கிறது. அடுத்து, தாளத்தின் சமம், அதாவது சுற்று தொடங்கும் இடம், எங்கே விழுகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் பாட்டு வேறிடத்துக்குப் போய்விடுகிறது. இரண்டையும்விட என்னை உறுத்துவது, கர்நாடக சங்கீதக் கலைஞர்கள் இருந்தும் ராகம் ஏன் கைக்கு எட்டவில்லை என்பது. கேட்கும் முறையில் எனக்குத்தான் ஏதேனும் தெரியவில்லையா, அல்லது அந்த இசையே அப்படித்தானா? விவரம் தெரிந்த அண்ணாச்சிமார்களும் அக்காமார்களும் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முத்துநகர் ஒலி (தூத்துக்குடி):

தம்பி, உங்கள் முதல் ஐயத்துக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். கீபோர்டும் ஒலிப்பெருக்கியும் பழுது பார்ப்பது என் தொழில். ராகத்தைப் பற்றிப் பேச இங்கே வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

நீங்கள் கிட்டாரைத் தேடியதில் வியப்பில்லை. இந்தத் தொகுப்பின் பெரும்பகுதியில் மெக்லாக்லின் வாசிப்பது கிட்டார் சிந்தசைசர். சாதாரண மின்கிட்டாரில் ஆறு கம்பிகளின் அதிர்வும் ஒரே சமிக்ஞையாகக் கலந்து வெளியே வரும். சிந்தசைசருக்கான பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் உறுப்பு, அப்படியன்று. ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியாக ஒன்று வீதம் ஆறு உணரிகள் அதில் இருக்கும். ஒவ்வொரு கம்பியும் எந்தச் சுரத்தில் அதிர்கிறது என்பதைக் கருவி கணித்து, அந்தச் சுரத்தைக் குழலின் ஒலியிலோ வேறு எந்த ஒலியிலோ திரும்ப எழுப்பும். கை கிட்டாரில் இருக்கும். காதில் விழும் குரல் வேறாக இருக்கும். அவருக்கு இது புதிய மோகமும் அன்று. 1984-இல் வெளிவந்த ‘மகாவிஷ்ணு’ தொகுப்பிலேயே சிங்க்ளேவியர் என்ற கருவியைக் கிட்டாரோடு இணைத்து வாசித்திருக்கிறார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சுரத்தைக் கண்டுபிடிக்கக் கருவிக்குக் குறைந்தது ஒரு முழு அதிர்வாவது தேவை. கிட்டாரின் கனத்த ஈ கம்பி விநாடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கிறது. ஒரு அதிர்வு முடிய 12 மில்லிவிநாடி ஆகிவிடும். மெல்லிய ஈ கம்பி 330 முறை அதிர்வதால் 3 மில்லிவிநாடி போதும். நடைமுறையில் ஓர் அதிர்வோடு கணக்கு முடிவதில்லை என்பதால் கீழ்க்கம்பிகளில் ஒலி சற்றுப் பிந்தி வருவது வாசிப்பவரின் விரலுக்கே தெரியும். பக்கத்துக் கம்பியில் விரல் லேசாக உரசினாலும் கருவி அதையும் ஒரு சுரமாக எடுத்துக்கொண்டு கூவிவிடும். இவற்றையெல்லாம் மீறி அந்த வேகத்தில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக விழுகிறது என்றால், மேலும் கீழுமாக மாறி மாறிப் பிக் அடிக்கும் அவருடைய வலது கை எத்தனை துப்புரவாக இயங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். என்னிடம் பழுதுக்கு வரும் இவ்வகைக் கருவிகளில் பாதியில் பழுதே இருப்பதில்லை. வாசிப்புத்தான் அதற்குப் பழகியிருக்காது.

அடையாளம் காண ஒரு வழி சொல்கிறேன். உண்மையான குழல் மூச்சு விடும். சசாங்க் ஒரு சொற்றொடரை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கும் முன் நூலிழை அளவு இடைவெளி இருக்கும். குழல் போன்ற ஒலி மூச்சே விடாமல் நீண்டு ஓடுகிறது, ஒவ்வொரு சுரத்தின் தொடக்கமும் கொத்தியது போலக் கூர்மையாக இருக்கிறது என்றால் அது கிட்டார்தான். பின்னணியில் ஒரே நேரத்தில் பல சுரங்களை அடுக்கி நிற்பது பெரும்பாலும் லூயி பேங்க்ஸின் கீபோர்டு. ஹெட்போனில் கேளுங்கள், கைப்பேசியின் ஸ்பீக்கரில் இந்த வேறுபாடு தெரியாது.

காருகுறிச்சிக்காரர்:

இளைஞர் கேட்ட மூன்றாவது கேள்விக்கு என் பதில் நேரடியானது. ராகம் கைக்கு எட்டவில்லை என்றால், அது அங்கே எட்டும்படி வைக்கப்படவில்லை என்பதுதான் காரணம். கேட்பவர் மீது குறையில்லை.

நான் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரத்தைக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரன். 1964-இல் நாற்பத்து மூன்று வயதிலேயே மறைந்துவிட்ட அவருடைய வாசிப்பு ஒலிப்பதிவுகளில்தான் எனக்குக் கிடைத்தது என்றாலும், தோடி ராகத்தின் காந்தார சுரம் எப்படி அசைய வேண்டும் என்பதை அந்தப் பதிவுகளே எனக்குக் கற்றுக்கொடுத்தன. நாகசுரத்தில் துளையைப் பாதி மூடியும் சீவாளியில் காற்றின் அழுத்தத்தை மாற்றியும் இரண்டு சுரங்களுக்கு இடையில் உள்ள வெளி முழுவதையும் கலைஞர் ஆள முடியும். கிட்டாரில் விரல் வைக்கும் இடங்களைப் பிரிக்கும் மெட்டுகள் உலோகத்தால் அறையப்பட்டிருக்கின்றன. கம்பியை இழுத்தோ வழுக்கியோதான் இடைவெளியை எட்ட வேண்டும். அந்தக் கம்பியின் அசைவையும் நடுவில் ஒரு கணிப்பொறி வாங்கி வேறொரு குரலாக மாற்றிக் கொடுக்கிறது என்றால், கமகத்தில், அதாவது சுரத்தை அசைத்து வாசிப்பதில், மிஞ்சுவது என்ன?

இதே மெக்லாக்லின் எழுபதுகளில் இந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தார் என்பதைத் தம்பி தெரிந்துகொள்வது நல்லது. இந்தியக் கலைஞர்களோடு அவர் நடத்திய சக்தி குழுவுக்காக கிப்சன் நிறுவனம் செய்து கொடுத்த கிட்டாரில் மெட்டுகளுக்கு இடைப்பட்ட மரத்தைக் குழிவாகச் செதுக்கியிருந்தார்கள். விரல் பலகையில் முட்டாததால் கம்பியை ஆழமாக அழுத்தியும் தாராளமாக இழுத்தும் சுரத்தை அசைக்க முடிந்தது. வாசிக்கும் கம்பிகளுக்குக் குறுக்கே, சுருதிக்கும் ரீங்காரத்துக்கும் என்று ஏழு கம்பிகள் தனியாகப் பூட்டப்பட்டிருந்தன. ஏறக்குறைய வீணையின் வேலையைச் செய்ய வைத்த கிட்டார் அது. எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, விக்கு விநாயகராமின் கடம், ராம்நாட் ராகவனின் மிருதங்கம் ஆகியவற்றோடு அந்தக் கிட்டார் பேசும் 1976-ஆம் ஆண்டின் முதல் தொகுப்பில், ராகத்தைத் தேடி அலைய வேண்டிய அவசியமே இல்லை. அங்கே குனிந்து கற்றுக்கொண்ட மனிதர், முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு சென்னைக்கே வந்து, இத்தனை கலைஞர்களை அருகில் வைத்துக்கொண்டு, ராகத்தை ஓரமாக நிறுத்திவிட்டார் என்பதே என் மனத்தாங்கல்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் போனால் நியாயமாகாது. இந்தத் தொகுப்பில் வாசித்திருக்கும் தேபாசிஷ் பட்டாச்சார்யாவின் கிட்டாரில் மெட்டில் விரல் வைக்கும் வேலையே இல்லை. கம்பியின் மேல் உலோகத் துண்டை வழுக்கி வாசிக்கும் முறை அது. அவர் நுழையும் இடத்தில் மட்டும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்துஸ்தானி வழியாக இருந்தாலும் சுரம் அங்கே உயிரோடு நெளிகிறது.

லயப்பித்து (தென்காசி):

காருகுறிச்சி ஐயா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மீதிப் பாதியில் வேறுபடுகிறேன். நான் மிருதங்கம் சொல்லிக்கொடுப்பவள். ஆகையால் என் காது எப்போதும் கணக்கின் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ராகம் எட்டாததற்கு ஐயா கமகத்தைக் காரணம் காட்டுகிறார். அதைவிட அடிப்படையான ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன். நம் ராகம் அசையாத ஒரு சட்ஜத்தின், அதாவது ஆதார சுரமான ‘ஸ’வின், மேல் நிற்பது. தம்புரா அந்த ஆதாரத்தைக் கச்சேரி முழுவதும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் ஒவ்வொரு சுரத்தின் தூரமும் நமக்குப் பொருள்படுகிறது. இந்தத் தொகுப்பில் பல இடங்களில் அடியில் கார்டுகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. பேஸ் கிட்டார் ஒரு சுரத்தை விட்டு இன்னொன்றுக்கு நகரும்போது, மேலே ஒலிக்கும் அதே காந்தாரம் ஒரு கணம் காந்தாரமாகவும் மறுகணம் பஞ்சமமாகவும் காதுக்குப் படுகிறது. கிரக பேதத்தை, அதாவது ஆதார சுரத்தை இடம் மாற்றுவதை, நொடிக்கு நொடி செய்தால் எப்படி இருக்குமோ அப்படி. இந்தச் சூழலில் தோடியை முழுமையாக விரிக்க நாகசுரம் வந்தாலும் திண்டாட்டம்தான். கார்டு வாசிக்கும் தம்பிக்கு இது புதிதாக இருக்காது. ஆலயத்தில் ஒரு கீர்த்தனைக்கு அளவுக்கு மீறிக் கார்டுகளை மாற்றினால் பாடுகிறவர்களின் ராகச் சாயல் மங்கிவிடுவதை நீங்களே கவனித்திருப்பீர்கள்.

ஆகவே இந்த இசையில் நம் சங்கீதத்தைத் தேட வேண்டிய இடம் ராகம் அன்று, லயம். மெக்லாக்லின் இங்கிருந்து எடுத்துக்கொண்டு போனவற்றில் மிக ஆழமாக வேரூன்றியது சொற்கட்டு (தாள அடிகளைச் சொல்லும் சொற்களின் கோவை) என்பது என் கருத்து. கஞ்சிராக் கலைஞர் செல்வகணேஷோடு சேர்ந்து, தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலை அடிப்படையிலிருந்து கற்பிக்கும் ‘த கேட்வே டு ரிதம்’ என்ற டிவிடியையே வெளியிட்டவர் அவர். தகிட, தகதிமி, தகதகிட என்று கையில் தாளம் போட்டுக்கொண்டே சொல்லிப் பழகிய மனிதரின் கிட்டார் சொற்றொடர்கள், டிரம்ஸ் இல்லாமல் தனியாகக் கேட்டாலும், ஜதியாகவே பிரிந்து நிற்கும்.

சமம் பிடிபடாததற்கு வருவோம். ராக் இசையில் டிரம்ஸ் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்தையும் ஓங்கி அடித்துக் காட்டும் என்று பழகிய காது, இங்கேயும் அதையே எதிர்பார்க்கிறது. ரஞ்சித் பாரோட் அப்படி வாசிப்பவர் அல்லர். கதக் கலைஞர் சித்தாரா தேவியின் மகன் அவர். ஒரு சொற்கட்டை மூன்று முறை சொல்லி முடிவை மிகச்சரியாகச் சமத்தில் கொண்டு சேர்க்கும் வழக்கம் வீட்டிலேயே இருந்தது. கதக்கில் திஹாய் என்பதை நாம் மோரா என்கிறோம், தீர்மானம் என்னும் முடிப்புப் பகுதியில் வைக்கிறோம். மோரா தொடங்கியதும் அடிகள் தாளத்தின் எண்ணிக்கையோடு ஒட்டாமல் விழும். அதனால்தான் உங்களுக்குத் தடம் புரண்டது போல இருக்கிறது.

ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களையும் (எண்ணிக்கைகளையும்) நாலு நாலு மாத்திரையாகப் பிரித்தால் ஒரு ஆவர்த்தனத்துக்கு, அதாவது ஒரு சுற்றுக்கு, 32 மாத்திரை. ‘ததிங்கிணதொம்’ 5 மாத்திரை. அதை மூன்று முறை சொல்லி, இடையில் இரண்டு இடத்தில் 2 மாத்திரை வீதம் கார்வை (இடைவெளி) விட்டால் மொத்தம் 19. அப்படியானால் 13 மாத்திரை கழிந்த பிறகு, அதாவது நான்காவது அட்சரத்தின் இரண்டாவது மாத்திரையில் தொடங்கினால்தான் முடிவு சமத்துக்குச் சரியாக வரும். தொடங்கும் இடமே அடியில் விழாமல் அடிக்கு அப்பால் விழுகிறது பாருங்கள். முதல் ‘ததிங்கிணதொம்’ கேட்கும்போது தாளம் பிசகிவிட்டதோ என்று தோன்றும். மூன்றாவது முடியும்போது எல்லாம் ஒரே புள்ளியில் வந்து சேரும். இதைத் தினமும் கால்மணி நேரம் கை போட்டு, வாயால் சொல்லிவிட்டு, பிறகு அந்தத் தொகுப்பைக் கேளுங்கள். ரஞ்சித் பாரோட் எப்போது சமத்தை விட்டு வெளியே கிளம்புகிறார் என்பது தெரியத் தொடங்கும்.

தாளத்தை எங்கே பிடிப்பது என்று கேட்டால், டிரம்ஸை விட்டுவிட்டு ஃபெரோவின் பேஸ் கிட்டாரைப் பிடியுங்கள். அவரும் கணிசமாக அலைபவர்தான் என்றாலும், உருப்படியின் முதல் பல்லவி போன்ற பகுதி திரும்ப வரும்போதெல்லாம் அவர் வீட்டுக்கு வந்துவிடுவார். அந்தப் பகுதி எந்த அட்சரத்தில் எடுப்பாகிறது (தொடங்குகிறது) என்பதை ஒரு முறை உறுதிசெய்துவிட்டால், நடுவில் யார் என்ன செய்தாலும் கையைத் தளர விடாமல் போட்டுக்கொண்டே இருக்கலாம். நம் ஊர்க் கோயில் கொடையில் நையாண்டி மேளம் நடக்கும்போது, தவிலும் பம்பையும் மாறி மாறி விரட்டும் நேரத்தில் முன்வரிசைப் பெரியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தட்டிக்கொண்டிருப்பார்களே, அந்த உறுதிதான் இதற்கும் வேண்டும். அவர்கள் தவிலைப் பின்தொடர்வதில்லை. தாளத்தைத் தங்களிடம் வைத்துக்கொண்டு, தவில் எவ்வளவு தூரம் போய்த் திரும்புகிறது என்று அளக்கிறார்கள்.

காருகுறிச்சி ஐயாவுக்கு ஒரு வார்த்தை. சக்தியின் முதல் தொகுப்பு உங்களைப் போலவே எனக்கும் உயிர். ஆனால் இந்தத் தொகுப்புக்கு முன்னோடியாக அதை வைப்பதைவிட, 1973-இல் மெக்லாக்லினின் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா குழு வெளியிட்ட ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ தொகுப்பை வைப்பது பொருத்தம் என்று படுகிறது. அதன் முதல் உருப்படி ஒரு சுற்றுக்குப் பதினெட்டு என்ற கணக்கில் ஓடுகிறது. மின்கிட்டார், வயலின், கீபோர்டு, பேஸ், பில்லி காப்ஹாமின் டிரம்ஸ் என்று மேற்கத்தியக் கருவிகள் மட்டுமே உள்ள குழு. ஆனாலும் எண்ணிக்கையின் மேல் இருந்த மோகம் அப்போதே தெரிகிறது. அந்த வழியில் நடந்து வந்தவர், அதே வகை இசையை வாசிக்க இந்த முறை நம்மவர்களை அழைத்திருக்கிறார். நம் சங்கீதத்தை வாசிக்க அவர் வரவில்லை.

காருகுறிச்சிக்காரர்:

அம்மா, ஆதார சட்ஜம் நகர்கிறது என்ற விளக்கம் எனக்கு ஏற்புடையது. கமகத்தை மட்டும் குற்றம் சொன்னது போதாது என்று ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் நம்மவர்களை அழைத்தது பற்றி என் மனம் ஆறவில்லை. யு. ராஜேஷ் யார்? மின் மாண்டலினில் முழுக் கச்சேரியையே நடத்திக் காட்டிய யு. ஸ்ரீநிவாஸின் தம்பி, அண்ணனோடு சேர்ந்தே மேடை ஏறியவர். மெட்டுள்ள கருவியில் ராகத்தை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்பதற்கு அந்தக் குடும்பமே சான்று. அப்படிப்பட்டவரை அழைத்துச் சில நிமிடங்கள் வேக வாசிப்பு மட்டும் வாங்கிக்கொள்வது, விருந்தாளியை வாசலிலேயே உட்கார வைத்து அனுப்புவது போலத்தான். விருந்தினர்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்து, ஒவ்வொருவருக்கும் இரண்டு மடங்கு இடம் கொடுத்திருக்கலாம். இதை லயத்தைக் காட்டிச் சமாதானம் சொல்ல முடியாது.

லயப்பித்து (தென்காசி):

அதற்குச் சமாதானம் சொல்ல நானும் முயலவில்லை, ஐயா. அந்தக் குறை எனக்கும் உண்டு. குறிப்பாக, இதில் வாசித்திருக்கும் நிலாத்ரி குமாரின் சிதாருக்கு ஆலாபனை போல ஒரு திறப்பு கொடுத்திருந்தால் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

பாளைக் கிட்டார் (பாளையங்கோட்டை):

அண்ணாச்சி, ஐயா, அக்கா, மூவருக்கும் நன்றி. மூச்சு விடும் இடத்தைக் கவனிக்கச் சொன்னது உடனே பயன்பட்டது. நான் குழல் என்று நினைத்திருந்த ஒரு நீண்ட பகுதி கிட்டார் என்பது இப்போது தெளிவாகிறது. மோரா கணக்கையும் போட்டுப் பார்த்தேன். நான்காவது அட்சரத்தின் நடுவில் எழுந்து ஓடுவது கைக்கு வந்தது, வாய்க்கு இன்னும் வரவில்லை.

இன்னும் இரண்டு கேள்விகள். முதலில் எந்த உருப்படியை வைத்துக்கொண்டு பழகுவது? அடுத்து, என்னிடம் இருப்பது நைலான் கம்பி பூட்டிய கிட்டார். அதில் அந்த ஆறு உணரிகள் கொண்ட பிக்கப்பைப் பொருத்த முடியுமா?

லயப்பித்து (தென்காசி):

தொகுப்பின் முதல் உருப்படியான ‘அப்பாஜி’யிலிருந்தே தொடங்குங்கள். தபலா மேதை அல்லா ரக்காவுக்குக் காணிக்கையாக வைத்தது; அவர் ஜாகிர் உசேனின் தந்தை. ஜார்ஜ் புரூக்ஸின் சாக்சபோன், உருப்படியின் மெட்டைத் தெளிவாக எடுத்துச் சொல்வதால் எடுப்பைப் பிடிப்பது எளிது. சங்கர் மகாதேவன் குரல் கொடுத்திருக்கும் ‘த வாய்ஸ்’ உருப்படியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். குரல் வந்ததும் காது அதன் பின்னாலேயே போய்விடும், தாளத்தை விட்டுவிடுவீர்கள். ஒரு உருப்படியை முழுவதுமாகக் கை போட்டு முடிக்காமல் அடுத்ததற்குப் போக வேண்டாம்.

முத்துநகர் ஒலி (தூத்துக்குடி):

தம்பி, அந்த வகைப் பிக்கப்பில் பெரும்பாலானவை காந்தத்தால் வேலை செய்பவை. எஃகுக் கம்பியின் அதிர்வை மட்டுமே உணரும். நைலான் கம்பிக்குப் பயன்படாது. நைலானுக்கு, பிரிட்ஜின் மேல் ஒவ்வொரு கம்பியின் அடியிலும் அழுத்தத்தை உணரும் தனித்தனிப் பீசோ உணரி பதித்த சேணம் (கம்பிகள் தங்கும் துண்டு) வேண்டும். உங்கள் கிட்டாரின் பிரிட்ஜை மாற்றாமல் அதைப் பொருத்துவது கடினம், செலவும் கிட்டாரின் விலையைத் தாண்டிவிடும். இப்போதைக்கு அதில் காசைப் போடாதீர்கள். அப்படியே ஒன்று பின்னாளில் கைக்கு வந்தால், அமைப்பில் அரைச்சுரப் படிகளாக மட்டும் ஒலிக்கும் வசதி ஒன்று இருக்கும். அதை அணைத்து வையுங்கள். அது இயங்கினால் கம்பியை எவ்வளவு இழுத்தாலும் படிக்கட்டு ஏறுவது போலத்தான் ஒலிக்கும், காருகுறிச்சி ஐயா கேட்ட கமகத்துக்கு அங்கே வழியே இருக்காது.